மேல்காற்றும் முதல் பஸ்ஸும்

அந்த டிரைவரைத் திட்டாமல் எனக்கு ஒரு காலைகூட விடிந்ததில்லை. அவருக்கும் அப்படித்தான். தை மாசம் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஒரே ரோட்டில், ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒருவரையொருவர் வைதுகொண்டோம். அவர் பெயரை இதில் எழுதவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் அப்பாவைப் பற்றி எவனோ எழுதி வைத்திருப்பதைப் படித்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். நல்லதும் எழுதத்தான் போகிறேன், ஆனால் கெட்டதுதான் அதிகம் வரும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. உங்களில் பெரியவள் மட்டும் பிறந்திருந்தாள், தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. தோட்டத்துக் கிணறு இரண்டு வருசமாக வற்றிக் கிடந்தது. கடலை போட்டால் வரும், வராமலும் போகும். என் வயசுக்காரர்களில் பாதிப்பேர் கோயமுத்தூர் மில்லுகளுக்குப் போய்விட்டார்கள். உங்கள் பெரியப்பாவும் போனார். நோம்பி, பண்டிகை என்றால் வருவார். வந்தால் அவருடைய பையனே அவரைக் கண்டு யாரோ என்று அலறுவான். அதைப் பார்த்தபோதே எனக்கு இது ஆகாது என்று தோன்றிவிட்டது. வீட்டைவிட்டுப் போகாமல் பிழைக்க எனக்குக் கிடைத்த ஒரே வேலை பால் எடுப்பது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. மேற்கே ஏழு மைலில் கொழிஞ்சாம்பாறை. பால் வாங்கும் வேன் அங்கே வந்து நிற்கும், காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுவிடும். ஊரில் பதினொரு வீட்டில் விடிவதற்குள் கறந்து வைப்பார்கள். சைக்கிள் கேரியரில் குறுக்கே பலகை கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேன் தொங்கவிட்டு, நடுவில் ஒன்றை நிறுத்தி, மூன்று கேனோடு நான் மிதிக்க வேண்டும். தளும்பாமல் இருக்கக் கேன் வாயில் பனையோலையைச் சுருட்டிச் செருகுவோம். வேனைத் தவற விட்டால் பதினொரு வீட்டுப் பாலும் அப்படியே திரும்பி வரும், மத்தியானத்துக்குள் திரிந்து போகும்.

தார் ரோடு அப்போது ஒற்றை வண்டி அகலம்தான். ஓரம் அரித்துப்போய், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம். மண்ணோ கரிசல். சாரல் விழுந்தால் களிதான். சும்மா சைக்கிளில் போகிறவன் இறங்கிவிடலாம். மூன்று கேன் கட்டியவன் இறங்கினால் முன்சக்கரம் புதையும், சைக்கிள் பக்கவாட்டில் சாயும், ஒற்றை ஆளால் தூக்கி நிறுத்த முடியாது. அதனால் பால்காரர்கள் யாரும் தாரைவிட்டு இறங்குவதில்லை. பாதி வழி தாண்டிக் குறுக்கிடும் இன்னொரு வாய்க்காலின் பாலத்துப் பக்கம் ரோடு கொஞ்சம் அகலமாக இருக்கும். அங்கே வந்தால் ஒதுங்குவோம்.

எல்லையிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸை அந்த டிரைவர்தான் ஓட்டினார். தனியார் பஸ். ஐந்து நிமிசம் பிந்தினால், பின்னால் வரும் இன்னொரு முதலாளியின் பஸ் வழியில் நிற்கிற ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். அவருக்கு அந்தக் கவலை, எனக்கு வேன் கவலை. ஆகவே பஸ் என் பக்கத்தில் வந்ததும் அவர் ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"ஏப்பா, ரோட்ட உங்கப்பன் எழுதி வெச்சுட்டுப் போனானா?"

"ஆமா. உங்கப்பன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்" என்பேன்.

கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு, "உடுங்க டைவரே, எருமைப் பாலு கறந்து கறந்து எருமையாட்டவே ஆயிட்டாரு. ஓரத்துல போகாது" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

இது தை, மாசியில். ஆனி பிறந்ததும் காற்று திரும்பியது. நம் பக்கத்து மேல்காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. மலை இடுக்கு வழியாகப் புகுந்து வந்து, பனைமரத்தையே கிழக்கே பார்த்துக் குனிய வைக்கிற காற்று. மேற்கே மிதிக்கிறவனுக்கு நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. காதுக்குள் புகுந்துவிட்டால் நாள் முழுக்க விண்விண் என்று வலி. அதனால் துண்டைக் காதோடு சேர்த்துச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிந்துகொள்வோம். எல்லாப் பால்காரர்களும் அப்படித்தான் போவார்கள்.

அப்படி ஒரு நாள் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது முழங்கையை ஒட்டி பஸ்ஸின் தகரம். பதறிப்போய் இடது பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, நானும் மூன்று கேனும் கரிசலில் விழுந்தோம். இரண்டு கேன் பால் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி கிடந்தேன். பஸ் நின்றது. அவர் இறங்கி வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

"சாகறதுக்கு எம்பட வண்டிதான் கெடச்சுதா உனக்கு?"

"ஹார்னு அடிக்காம மேல கொண்டாந்து உட்டுட்டுப் பேச்சு வேறயா?"

"அடிக்கலையா? அந்தப் பனங்காட்டுலருந்து அமுக்கிட்டு வாரேண்டா. கை நோகுது. செவுட்டுப் பயலே!"

அந்த பஸ்ஸுக்கு ரப்பர் பந்து வைத்த ஹாரன். டிரைவர் கையை வெளியே விட்டு அமுக்க வேண்டும். பஸ்ஸில் இருந்தவர்களும், "அடிச்சாருங்க, நாங்கெல்லாம் கேட்டமே" என்றார்கள்.

"பஸ்ஸுல உக்காந்துட்டு பஸ்காரனுக்குத்தான பேசுவீங்க" என்று அவர்களையும் சேர்த்து வைதேன். அன்றைக்கு மிச்சமிருந்த ஒரு கேனோடு நான் போய்ச் சேர்வதற்குள் வேன் போய்விட்டது. பால் திரும்பி வந்த முதல் நாள் அது.

இரண்டு நாள் கழித்து, கொழிஞ்சாம்பாறை பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். ஹாரன் அடித்தாரா, இல்லையா? அதுதான் கேள்வி. அடித்தேன் என்று அவர் தன் இரண்டு கண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அடிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். பெரியவளே, உன் தலைமேல் செய்தேன். பொய்ச் சத்தியம் இல்லை. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பது என் உயிருக்குத் தெரியும். தையில் அதே ஹாரன் ஊர் எல்லை தாண்டுவதற்குள் என் காதைத் துளைக்கும். இப்போது இந்த மனுசன் வேண்டுமென்றே ஹாரனை விட்டுவிட்டு, ஓசையில்லாமல் வந்து இடிக்கப் பார்க்கிறான் என்றே நம்பினேன்.

டீக்கடைக்காரர், "ரெண்டுல ஒருத்தருக்குக் கண்ணு போகும், இல்லாட்டி..." என்று என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் வந்து சொன்னதும் உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "உங்குளுக்கு உங்க தலை இல்லீங்களா? பாலுக்கும் பஸ்ஸுக்கும் பச்சப்புள்ள தலையத்தான் வெப்பீங்களா?" என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தையும் நான் டிரைவர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

என்னோடு அந்த ரோட்டில் இன்னும் இரண்டு பேர் பால் ஓட்டினார்கள். அதில் ஒருவர் என்னைப் போல வேனுக்குப் போடுகிறவர். அவரும் நானும் பேசிவைத்துக்கொண்டு, ஒரு நாள் பஸ் வருகிற நேரம் பார்த்து இரண்டு சைக்கிளையும் ஜோடியாகத் தாரில் விட்டு, நடக்கிற வேகத்தில் மிதித்தோம். அடிக்கடி திரும்பிப் பார்த்து, பஸ் பின்னால் ஊர்ந்து வருவதை உறுதி செய்துகொண்டோம். பாலம் வரைக்கும் இரண்டு மைல் அப்படியே இழுத்தோம். அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. சந்தோசத்தில் நேரம் போனது தெரியவில்லை. அவருக்கு நேரம் தப்ப வைக்கப் போய், எங்கள் வேனும் போய்விட்டது. இரண்டாவது தடவையாக, முட்ட முட்டப் பாலோடு ஊருக்குத் திரும்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒருவர் வந்து பேசினார். எங்களுக்குப் பங்காளி முறைதான், அதனால் நயமாகவே பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ரெண்டாச்சு. கன்னுக்கு உடாமக் கறந்து குடுக்கறது, சாக்கடைல ஊத்தறதுக்கா? மூணாவது ஒருக்கா திரும்பி வந்துதுன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்."

பால் போனால் அப்புறம் மில்தான் என்பது எனக்கும் தெரியும், உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

அன்றைக்குப் பிந்தியதற்காக டிரைவரை அவர் முதலாளி மூன்று நாள் வண்டி எடுக்க வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டாராம். நாலாம் நாள் வந்தார், முன்னைவிட மோசமாக. தேங்கிய தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து எங்கள் பக்கத்தில் ஏற்றுவார். கண்டக்டர் வெற்றிலை எச்சிலைக் காற்றுக்கு வாகாகத் துப்புவார். ஒரு நாள் உங்கள் அம்மா, பெரியவளுக்கு ஊசி போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு நாற்சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாள். அவளைப் பார்த்தும் அவர் நிறுத்தாமல் போய்விட்டார். வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்தாள். ஊசி போட்ட காலைக் குழந்தை அசைக்கவிடவில்லை. அன்றைக்கு நான் கல்லை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். பஸ் போய்விட்டிருந்தது, நல்லவேளை.

ஆடியில் ஒரு நாள் காற்று அப்படி அடித்தது. பாதி வழிகூட வந்திருக்க மாட்டேன். பின்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், சைக்கிள் குண்டி வெட்டியது. இறங்கிப் பார்த்தால் ஆக்ஸில் முறிந்திருந்தது. ரோட்டில் வண்டி மாடு ஒன்றுகூட இல்லை. மூன்று கேனை ஒருவன் தலையில் சுமந்து நாலு மைல் போக முடியாது. கேன்களை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்தேன். பஸ் வந்துகொண்டிருந்தது. உலகத்தில் வேறு எந்த பஸ்ஸும் எனக்கு அப்போது இல்லை.

தாரின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். என் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் பஸ் நின்றது.

"இன்னிக்கு நட்ட நடுவுலயே நின்னுட்டயா? மேல ஏத்திட்டுப் போகட்டுமா?"

"ஆக்ஸில் போயிருச்சுங்க. பால ஏத்திக்குங்க. என்னைய ஏத்தாட்டியும் செரி."

அவர் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "கேட்டயா? 'ங்க' எல்லாம் வருது இன்னிக்கு."

"பாலெல்லாம் ஏத்தப்படாது. சிந்துனா நாலு நாளைக்கு வண்டி நாறும்" என்றார் கண்டக்டர்.

போன மாசம் இதே பஸ்ஸை இரண்டு மைல் நகரவிடாமல் செய்தவன் நான். டிரைவர் ரோட்டோரத்துக் கேன்களைப் பார்த்தார்.

"பத்து எண்ணுவேன். அதுக்குள்ள ஏத்துனா ஏத்து. எண்ணி முடிச்சா நிக்க மாட்டேன்."

சத்தமாக எண்ண ஆரம்பித்தார். நான் முதல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவதை ஏற்றியபோது ஆறு. மூன்றாவதைத் தூக்கப் போனபோது எட்டு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவர் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து, திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு மூக்கிலும் நிதானமாக ஏற்றி, வேட்டி முனையில் விரலைத் துடைத்துக்கொண்டார். நான் ஏறிவிட்டேன். "ஒம்போது, பத்து" என்று ஒன்றாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சைக்கிள் வேலியோரம் கிடந்தது.

என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று கேனையும் காலால் அணைத்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஆறு நாற்பது. போய்விடலாம் என்று மனசுக்கு ஒரு தெம்பு வந்தது.

அரை மைல் போயிருக்கும். முன்னால் ஒரு பால் சைக்கிள். தாரின் நடுவில், ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கையை வெளியே விட்டு ஹாரனை அமுக்கினார். சைக்கிள் விலகவில்லை. இன்னும் அமுக்கினார். பஸ்ஸுக்குள் எங்கள் காது அடைத்தது. சைக்கிள் விலகவில்லை. வாத்தியார் கடிகாரம் ஆறு நாற்பத்தி நாலு. பாலம் இன்னும் ஒரு மைல். இதே வேகத்தில் போனால் என் பால் போச்சு.

"என்ன மனுசன் இந்தாளு! சித்த ஒதுங்குனா கொறஞ்சா போயிருவாரு? ரோட்டப் பட்டாப் போட்டு வாங்கிட்ட மாதிரி!"

சொன்னது நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது. பஸ் கொல்லென்று சிரித்தது. ஒரு கிழவி பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவர் மட்டும் சிரிக்காமல், "ஏறி அரை மைலு ஆகுல, பஸ்காரனாயிட்டான் பாரு" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்போதுதான் அந்த சைக்கிளை நன்றாகப் பார்த்தேன். அது பக்கத்து ஊர்க்காரர், என்னோடு பால் ஓட்டும் இன்னொருவர். வேனுக்குப் போடாமல் டீக்கடைகளுக்கு ஊற்றுகிறவர். ரோட்டில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தால்கூடச் சைக்கிளை நிறுத்தி அது எழுந்து போகிற வரைக்கும் நிற்கிற ஆள். அன்றைக்கு பஸ்ஸை மறிக்கக் கூப்பிட்டபோது, "நமக்கெதுக்குங்க அந்தப் பாவம்" என்று வர மறுத்தவர். அவர் வீம்புக்கு ஒதுங்காமல் இருக்க மாட்டார். அப்படியானால்? காதோடு துண்டு கட்டியிருந்தார். துண்டின் முனை கொடி மாதிரி படபடத்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்துப் பறந்தது.

"டைவரே, அவருக்குக் கேக்கலீங்க."

"பைத்தியமா? அரை மைலுக்குக் கேக்கும் இது. தையில உனக்குக் கேக்குலயா?"

"தையில கீழ்காத்துங்க. பின்னாலருந்து அடிக்கும். சத்தத்தக் கொண்டாந்து குடுக்கும். இப்ப எதுருல அடிக்குது. நீங்க அடிக்கறது நம்ம ஊருக்குத்தான் போகுது, அவருகிட்டப் போகுல."

பிந்துகிற கவலை டிரைவருக்கு. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, சைக்கிளை ஒட்டி நுழையப் பார்த்தார். வலது சக்கரம் மண்ணில் இறங்கி பஸ் சாய்ந்தது.

"உடாதீங்க! பக்கத்துல கண்டாப் பயந்து ஒடிச்சுருவாரு. நான் உளுந்த மாதிரியே உளுந்துருவாரு."

"உளுகுலீன்னா உம்பட பாலு வேனுக்குப் போகாது. எது வேணும், சொல்லு?"

அப்படிக் கேட்டுவிட்டார். கேன் மூன்றும் என் காலோடு இடித்துக்கொண்டிருந்தன. நான் உடனே பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உடனே சொல்லவில்லை. அந்த மனுசன் விழுந்தாலும் பெரிய அடி படாது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்புறம், "நிறுத்துங்க, நான் எறங்கி ஓடறேன்" என்றேன்.

நிறுத்தினார். இறங்கி ஓடினேன். எதிர்க்காற்றில் ஓடுவது இடுப்பளவுத் தண்ணீரில் ஓடுகிற மாதிரி. இருபது அடியில் இருந்து, "அண்ணா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. பத்தடியில் கத்தினேன். திரும்பவில்லை. கடைசியில் கேரியர் பலகையைக் கையால் பிடித்தேன். அவர் துள்ளிப்போய், சைக்கிள் சாய, நான் அந்தப் பக்கம் தாங்க, ஒரு வழியாக விழாமல் நின்றோம்.

"அட, நீயா! ஏப்பா, நடந்தா வர்ற? சைக்கிளு எங்க?"

"பின்னால பாருங்க."

திரும்பிப் பார்த்தார். "அய்யய்யோ, பஸ்ஸு! இது எப்ப வந்துது?"

காற்று மேற்கே இருந்து அடித்ததால் அவர் சொன்னது ஒரு எழுத்துக் குறையாமல் பஸ்ஸுக்குப் போயிருக்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் இருந்ததால் சைக்கிளைச் சாயாமல் மண்ணில் இறக்க முடிந்தது. பஸ் ஊர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றது.

"ஏனுங்க, நெசமாவே ஹார்னு கேக்குலீங்களா?" என்று டிரைவர் அவரைக் கேட்டார்.

அவர் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "என்னங்க?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. "ஏறு" என்றார் டிரைவர் என்னிடம்.

அதற்கப்புறம் அவர் பறந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். கை காட்டிய இடத்தில் எல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றினார். நான் வாத்தியார் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொழிஞ்சாம்பாறைக்குள் நுழையும்போது ஏழுக்கு மேல் ஆகிவிட்டது. வேன் கிளம்பி, மைதானத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் உயிர் அங்கேயே போயிற்று.

டிரைவர் பஸ்ஸை நேராகக் கொண்டுபோய் வேனின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, என்ஜினை அணைத்தார். வேன்காரர் ஹாரனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். நம்மவர் பொடி டப்பாவைத் திறந்தார்.

"ஹாரன் அடிக்கறேனே, கேக்குலயா?" என்று வேன்காரர் எழுந்து நின்று கத்தினார்.

"கேக்குலீங்களே" என்றார் டிரைவர். "காத்து."

அதற்குள் நான் மூன்று கேனையும் இறக்கிவிட்டேன். கண்டக்டர் ஒரு கேனுக்குக் கை கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டே. பால் பார்க்கிறவர் வேனிலிருந்து இறங்கி, முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கரண்டி பாலை ஸ்டவ்வில் காய்ச்சிப் பார்த்தார். திரியவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவர் டீக்கடையில் இருந்தார். சத்தியம் செய்த அதே இடம், கேட்ட ஆட்களில் பாதிப்பேரும் இருந்தார்கள். நான் போய் நின்று, "அன்னிக்கு இவரு ஹார்னு அடிச்சிருக்காருங்க. எனக்குக் கேக்குல. அடிக்குலீன்னு நான் சொன்னது தப்பு" என்றேன். டீக்கடைக்காரருக்கு ஏமாற்றமாகப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். ஒருவருக்கும் கண் போகவில்லை.

"இப்பச் சொல்லி? மூணு நாளு ஊட்டுல உக்காந்து கெடந்தனே, அது வருமா?" என்றார் டிரைவர். டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "உம்பட பொண்டாட்டி கொழந்தையோட நின்னாளே. பாக்காமப் போகுல நான். பாத்துட்டுத்தான் போனேன்."

"தெரியும்" என்றேன்.

அவ்வளவுதான். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீ வாங்கித் தரவும் இல்லை.

அதோடு நாங்கள் சிநேகிதராகிவிட்டோம் என்று எழுதினால் பொய். மேல்காற்று இருந்த மட்டும், கரண்டுக் கம்பம் ஒவ்வொன்றையும் கடக்கும்போது நான் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். பின்னால் பஸ் வந்தால் கையைத் தூக்குவேன். ஹாரன் அடிக்காமல் பாலம் வரைக்கும் பின்னாலேயே வருவார். அங்கே நான் ஒதுங்கினதும், "காளை மாடுகூட உன்னவட வேகமாப் போகும்" என்று வைதுவிட்டுப் போவார். நானும் வாயில் வந்ததைச் சொல்லுவேன். மற்ற பால்காரர்களையும் அப்படித் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். ஒருவர் கேட்டார், இன்னொருவர் பஸ்காரனுக்கு நான் விலை போய்விட்டேன் என்று பேசினார். ஐப்பசியில் டிரைவரைச் சித்தூர் பக்கம் வேறு வழிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் முதல் நாளே என்னை உரசிக்கொண்டு போனார். அவருக்கும் காற்றைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க அடுத்த ஆடி வரைக்கும் ஆனது.

அன்றைக்கு ஊர் திரும்பியதைச் சொல்லாமல் விட்டால் பாதிக்கதை ஆகிவிடும். காலிக் கேன்களோடு அடுத்த பஸ்ஸில் வந்து வழியில் இறங்கி, வேலியோரம் கிடந்த சைக்கிளை எடுத்து, கேன்களைக் கட்டி, பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஊருக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அந்தப் பங்காளி முறைக்காரர் வாசலுக்கு வந்தார். முகம் இறுகியிருந்தது. ஒன்றும் கேட்காமல் நேராக வந்து, விரல் மடக்கி ஒரு கேனைத் தட்டினார். ணங் என்றது. இரண்டாவதையும் தட்டினார், மூன்றாவதையும் தட்டினார்.

"ஆக்ஸில் போயிருச்சுங்களா?" என்றார் அப்புறம்.

"ஆமாங்க."

"பாலு?"

"போய்ச் சேந்துருச்சுங்க."

"செரி, சைக்கிளச் சாயந்தரத்துக்குள்ள செரி பண்ணீருங்க" என்று சொல்லிவிட்டு, நாளைக்குக் கறக்க வேண்டிய மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.